மூக்கு வரைக்கும்

ஆகஸ்ட் 4

அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வாசலில் நின்று மணியடித்தது நான்தான். அது உங்களுக்கும் தெரியும். மாடி ஜன்னலில் திரை அசைந்ததைப் பார்த்தேன். விபத்து நடந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிற சர்வேயர் வேலைதான் என் பிழைப்பு. ஆளில்லாத வீட்டில் திரை அசையாது என்று கண்டுபிடிக்க அந்தப் படிப்பு தேவையில்லை. வாங்கி வந்த பொம்மை லாரியைக் கேட்டுக்கு உள்பக்கம் வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் கவனிக்காமல் உங்கள் ஸ்கூல் வேனை அதன்மேல் ஏற்றியிருந்தாலும் பரவாயில்லை. உங்கள் பெண்ணுக்கு, நம் வாலுக்கு, நசுங்கின வண்டிதான் பிடிக்கும்.

என் போன் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் கடிதம் எழுதுகிறேன். அண்ணனைக் கேட்டேன். கப்பலில் இருந்துகொண்டு, "அண்ணி ரொம்பக் கோவமா இருக்கா, கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாத" என்றார். என்ன கோபம் என்று கேட்டதும் சிக்னல் போய்விட்டது. இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அவருக்குத் தரையில் இருக்கும்போதும் சிக்னல் போகும்.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வாலுக்கு நுரையீரலில் சளி கட்டி மூச்சு திணறியது. நீங்கள்தான் வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தீர்கள். அதே காய்ச்சல் உங்களுக்கும் இருந்ததால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் உங்களை விடவில்லை. உங்களுக்குப் பதில் நான் உட்கார்ந்தேன். உங்கள் காய்ச்சல் இறங்கி நீங்கள் உள்ளே வந்தபோது அவளுக்கு மூச்சுக் குழாயை எடுத்திருந்தார்கள். அதற்கப்புறம் ஒரு மத்தியானம், என் முகத்தைப் பார்க்காமல், "நீ கிளம்பு. இனிமே நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அன்று கிளம்பியவள்தான். அவள் வீட்டுக்கு வந்ததைக்கூட மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் என்ன செய்ததாக அவள் சொல்கிறாள், அண்ணி? ஏதோ சொல்லியிருக்கிறாள் என்பது மட்டும் புரிகிறது. குற்றம் என்னவென்று தெரியாமல் தண்டனையை மட்டும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். அவளைப் பார்க்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இதைச் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 9

சர்வேயரம்மாவுக்கு,

லாரியை உள்ளே எடுத்து வைத்தாயிற்று. யார் கொடுத்தது என்று சொல்லவில்லை.

குற்றம் என்ன என்று கேட்டிருக்கிறாய். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "அத்தை என் கையைக் கட்டிட்டா. அத்தை தொண்டைக்குள்ள பைப்பு விட்டா. குத்திக்கிட்டே இருந்தா. சுவத்துல எறும்பு விட்டா. அம்மாவை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டா."

நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. பைப்பு விட்டது டாக்டர். ஊசி போட்டது நர்ஸ். ஆஸ்பத்திரிச் சுவரில் எறும்பு வரிசை கட்டியிருக்காது. என்னை வாசலோடு நிறுத்தியது காவலாளி, நீ இல்லை. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் கையைக் கட்டின கதையை அவளாகக் கற்பனை செய்ய முடியுமா? இரண்டு மணிக்கட்டிலும் சிவப்பாகத் தழும்பு இருந்ததே, அதுவும் கற்பனையா?

என் பெண் எவ்வளவு வாலுத்தனம் செய்தாலும் பொய் சொல்ல மாட்டாள். கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தால்கூட, "நான்தான் உடைச்சேன், ஆனா அதுதான் முதல்ல வழுக்குச்சு" என்பாள். அப்படிப்பட்டவள் உன் பேரைக் கேட்டாலே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துக்கொள்கிறாள். பகலெல்லாம் தூங்குகிறாள். விளக்கணைந்தால் முழித்துக்கொள்கிறாள். குளியலறைக் கதவைக்கூட யாரும் சாத்தக் கூடாது. எனக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம்.

அவள் பிறந்ததிலிருந்து என்னைவிட உன்னிடம்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அந்தக் குழந்தை உன்னை நினைத்து நடுங்குகிறது என்றால் ஏதோ நடந்திருக்கிறது. நெருப்பில்லாமல் புகையாது.

கட்டினாயா, இல்லையா? அறிக்கை நடையெல்லாம் வேண்டாம். ஒரே வரியில் பதில் எழுது.

வாலின் அம்மா


ஆகஸ்ட் 13

அண்ணிக்கு,

கட்டினார்கள். நான் சம்மதித்தேன்.

ஒரு வரி கேட்டீர்கள், இரண்டாகிவிட்டது. மிச்சத்தையும் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

மூச்சு மெஷினில் இருந்தபோது அவள் பாதி மயக்கம், பாதி விழிப்பு. மூக்கு வழியாகப் பால் போகிற குழாயை ஒரு தடவை பிடுங்கிவிட்டாள். அடுத்து வாயில் இருந்த மூச்சுக் குழாய் பக்கம் கை போனது. நர்ஸ் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். கட்டைக் குரல்காரர், ஆனால் நல்ல மனுஷி. "இதை இழுத்துட்டா ரொம்பக் கஷ்டம்மா. மெத்துனு துணி வெச்சுக் கொஞ்ச நேரம் கட்டிக்கறோம். சரியா?" என்றார். நான் தலையாட்டினேன். கட்டுக்கும் கைக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று நானே பார்த்தேன். அப்படியும் தழும்பு விழுந்தது, அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாஸ்க்கைக் கீழே இறக்கி, "கொஞ்ச நேரந்தாண்டி தங்கம்" என்று உதட்டை அசைத்துச் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? காது மெஷின் அந்த நீல டப்பாவுக்குள் போய்விட்டால் அவளுக்கு நம் உதடுதானே காது. வீட்டில் படுக்கப் போட்ட பிறகு தினமும் அப்படித்தான் பேசுவோம். நர்ஸ் பார்த்துவிட்டு, "மாஸ்க்கை ஏத்துங்கம்மா, இது தொத்து நோய் அறை" என்று அதட்டினார். ஏற்றினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி இறக்கினேன். அங்கே இருந்த நாளெல்லாம் இதே திருட்டு வேலைதான் செய்தேன்.

குழாயை எடுத்த மறுநாள் அது ஆரம்பித்தது. போர்வையில் இல்லாத எதையோ பொறுக்கினாள். சுவரைக் காட்டிக் கத்தினாள். பிறகு ஒரேயடியாக அடங்கி, யார் தொட்டாலும் திரும்பாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பழைய ஆட்கள் ஜன்னி என்பார்களே, அதுதான். பெரிய டாக்டர் டெலிரியம் என்றார். "பெரியவங்களுக்கு மட்டும் வர்றதில்ல, குழந்தைங்களுக்கும் வரும். மூளைக்குள்ள தற்காலிகமா ஒரு குழப்பம். போயிடும். ஆனா இப்ப அவ பாக்குறது அவளைப் பொறுத்தவரை நிஜம்" என்றார். இதை நான் உங்களிடம் மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். நீங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "சரி சரி" என்றீர்கள். வேன் அஞ்சு நிமிஷம் முன்னாடி வரட்டும் என்று சொல்கிற பெற்றோருக்கு நீங்கள் சொல்கிற அதே "சரி சரி".

இத்தனை வருடத்தில் ஒரே ஒரு காரணத்தால் நடந்த விபத்தை நான் பார்த்ததில்லை. டயர் தேய்ந்திருக்கும், மழையும் பெய்திருக்கும், ஓட்டினவர் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார். இதில் ஏதாவது ஒன்று இல்லாமலிருந்தால் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். சின்ன வயசு, கடுமையான நோய், மூச்சு மெஷின். மெஷினைத் தாங்க வேண்டுமே என்று கொடுக்கிற தூக்க மருந்து, அதிலும் சில வகை மருந்து இதைக் கூட்டிவிடுமாம். அணையாத விளக்கு, ஓயாத மணிச் சத்தம், அரைமணிக்கொரு தரம் யாராவது தொட்டு எழுப்புவது. கையைக் கட்டியதும் ஒரு காரணம்தான் என்று அவரே சொன்னார். கட்டாவிட்டால் குழாயைப் பிடுங்குவாள், கட்டினால் குழப்பம் கூடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அம்மா பக்கத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார்.

நான் எறும்பு விடவில்லை, அண்ணி. கதவையும் சாத்தவில்லை.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 16

"அம்மா பக்கத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார்." எழுதி முடித்துப் பேனாவை மூடிவைத்தாயா, இல்லை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாயா?

நான் அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒவ்வொரு நாளும் வந்தேன். மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு வந்தேன். காவலாளி நெற்றியில் அந்தக் கருவியைக் காட்டுவான், அது காட்டிக்கொடுத்துவிடும். எதிர்ச்சாரியில் வேனை நிறுத்திவிட்டு அதற்குள் உட்கார்ந்துகொண்டு மேலே எந்த ஜன்னல் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் ஒரு காரணமாக எழுதியிருப்பாய்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கு உனக்குத் தபால் செலவு ஏன்? இனிமேல் எழுதாதே.


ஆகஸ்ட் 27

சர்வேயரம்மாவுக்கு,

எழுதாதே என்று நான்தான் சொன்னேன். நீயும் எழுதவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பழக்கம் உனக்கு எப்போதிலிருந்து வந்தது?

நேற்று வாலை டாக்டரிடம் காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நுரையீரல் சுத்தமாக இருக்கிறதாம். தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும் என்றார். நீ எழுதின காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதெல்லாம் சரியா என்று கேட்டேன். உன்னைப் பொய்யாக்க முடியுமா பார்க்கலாம் என்றுதான் கேட்டேன், மறைக்கவில்லை. "எல்லாம் சரிதாம்மா. யார் எழுதினாங்க?" என்றார். சொந்தத்தில் ஒருத்தி என்றேன்.

அந்தச் சமயத்தில் கட்டைக் குரல் நர்ஸ் உள்ளே வந்தார், மாஸ்க்கோடு. அவ்வளவுதான், இவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு என் முழங்காலுக்கு அடியில் போய்விட்டாள். நர்ஸ் புரிந்துகொண்டார். வெளியே போய், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, மாஸ்க்கை இறக்கிச் சிரித்தார். இவள் எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா, இந்த ஆன்ட்டிக்கு வாய் வந்துருச்சு" என்றாள்.

"ஏன், முன்னாடி இல்லையா?"

"அங்க யாருக்குமே வாய் கிடையாதும்மா. கண்ணு மட்டுந்தான். அத்தைக்கு மட்டுந்தான் வாய் இருந்துச்சு. அதான், அத்தைதான் எல்லாம் பண்ணா."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இவ உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவாளா?" என்று கேட்டார். காது மெஷின் போடாதபோது அப்படித்தான் என்றேன். "என்ன மெஷின்?" என்றார். அவர் எழுந்து வந்து, வாலின் முடியை ஒதுக்கிப் பார்த்தார். இரண்டு காதிலும் இருந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று வேனில் ஏறினவுடனே வழக்கம்போல நான்தான் போட்டுவிட்டேன்.

"அட்மிஷன்ல கேட்டப்போ குறை எதுவும் இல்லைன்னுதானே சொன்னாங்க" என்றார். கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸுக்கு முகம் வாடிவிட்டது. "கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. மருந்து மயக்கம்னு நெனச்சுட்டோம் டாக்டர்" என்றார். டாக்டர் யாரையும் திட்டவில்லை. காது சரியாகக் கேட்காத குழந்தைக்கு இந்தக் குழப்பம் வருவதற்கு வாய்ப்பு அதிகம், அதனால்தான் கண்ணாடி போடுகிற குழந்தைக்குக் கண்ணாடியையும் மெஷின் போடுகிற குழந்தைக்கு மெஷினையும் கண் விழித்தவுடனே போட்டுவிடுவோம், இரண்டாவது தடவை நாங்களும் கேட்டிருக்க வேண்டும் என்றார்.

நீல டப்பா எங்கே இருந்தது தெரியுமா? எமர்ஜென்சியில் படுக்க வைத்ததும் நீ கழற்றி டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தாய். நான் அதை வேனின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஒரு தடவை தொலைத்துவிட்டுப் பட்ட பாடு போதும் என்று. அவள் மேலே கிடந்த நாளெல்லாம் அது கீழே வேனில், என் முழங்காலுக்கு முன்னால் பத்திரமாக இருந்தது. நான் ஜன்னலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் காய்ச்சல் இறங்கி முதன்முதலில் உள்ளே போன அன்று அவள் என்னைப் பார்த்து, "நீ எங்கம்மா இல்ல" என்றாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் அண்ணனிடம்கூட. நான் அன்று மாஸ்க் போட்டிருந்தேன்.

ஒன்று மட்டும் சொல். குறை எதுவும் இல்லை என்று நீ ஏன் சொன்னாய்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

வாலின் அம்மா


ஆகஸ்ட் 31

அண்ணிக்கு,

கவுண்டரில் இருந்தவர், "குழந்தைக்குக் குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, பொய் சொன்னதாகவும் தோன்றவில்லை.

வாலுக்குக் காது மெஷின் போட்ட அன்று நீங்கள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இந்த வீட்டுல யாராவது இதைக் குறைன்னு சொன்னா, அவங்களுக்குச் சோறு கிடையாது." அண்ணன் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு நிஜமாகவே பட்டினி கிடந்தார். பக்கத்து வீட்டு அம்மா சொன்னதற்கு மூன்று மாதம் அவர்களோடு பேசவில்லை. அப்படிப் பழகிப் பழகி, அது குறை என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. அவளுக்குச் சுருட்டை முடி, மெஷின், வாய் அதிகம். அவ்வளவுதான். வலிப்பு உண்டா, அலர்ஜி உண்டா என்று கேட்டதற்கெல்லாம் யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன், அண்ணி. குறைக்கு மட்டும் யோசிக்கவில்லை.

நல்ல சட்டம்தான் அது. இப்போதும் நான் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். அந்தக் கவுண்டருக்கு மட்டும் பொருந்தவில்லை.

"படுக்கைன்னா டப்பா" என்பதும் உங்கள் சட்டம்தான். ஆஸ்பத்திரியில் அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதனால் டப்பா நினைவே வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. இரண்டு சட்டத்தையும் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினோம். அந்த இடத்தில் நான் மீறியது ஆஸ்பத்திரிச் சட்டம் ஒன்றைத்தான். அவள் பயப்படக் கூடாதே என்று முகத்தைக் காட்டினேன்.

உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் பல தடவை படித்தேன். அத்தைக்கு மட்டுந்தான் வாய் இருந்துச்சு. முகம் இல்லாத கைகள் வந்து குத்தின, கட்டின, திருப்பிப் போட்டன. அவளுக்கு அடையாளம் தெரிந்தது ஒரே முகம். அப்படியென்றால் எல்லாவற்றையும் அந்த முகம்தானே செய்திருக்க வேண்டும்? அவளுடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் அறிக்கை எழுதியிருப்பேன். சாட்சி சொன்னது சரி. அவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நீங்கள் எழுதியதும் சரி.

அழுதேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். நசுங்கின பஸ் ஒன்றை அளந்துகொண்டிருந்தபோது அழுகை வந்துவிட்டது. பஸ் முதலாளி தன்னுடைய பஸ்ஸுக்காக அழுகிறேன் என்று நினைத்து எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அம்மா பக்கத்தில் இல்லாததைப் பற்றி நான் அப்படி மொட்டையாக எழுதியிருக்கக் கூடாது. நீங்கள் எதிர்ச்சாரியில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. அது ஏழாவது ஜன்னல், இடமிருந்து.

அவள் கையை ஒளிப்பதை விடுகிற வரை நான் வரமாட்டேன். என்னைப் பார்த்து அந்தக் குழந்தை பயப்படுவதைவிட, நான் பார்க்காமலே இருப்பது மேல். அவளை வற்புறுத்தாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 6

நாத்தனாருக்கு,

ஏழாவதா? நான் இத்தனை நாளும் ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ஜன்னல்காரர்கள் யாரோ என் வேண்டுதலால் பிழைத்திருப்பார்கள்.

உன் கடிதம் வந்து மூன்று நாள் அதைத் திறந்து திறந்து மூடினேன். குழந்தை சொன்னாள், சரி. குழந்தைக்கு ஜன்னி. அதை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, உன்னை வாசலில் நிற்க வைத்துத் திரைக்குப் பின்னால் நின்றேனே, எனக்கு என்ன வந்தது? யாரையாவது குற்றம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. கையில் கிடைத்தவள் நீ. சொந்தக்காரி என்றால் இதற்கும்தானே.

இப்போது நடந்ததைக் கேள். நேற்று வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாலு என் பழைய போனை வைத்து நோண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று உன் குரல். போன வருடம் நீ அனுப்பினதுதான், நீங்கள் இரண்டு பேரும் பொம்மை வண்டிகளுக்குச் சர்வே செய்வீர்களே, அது. "முன் பம்பர் காலி. இடது கதவு காலி. டிரைவர் எங்கே?" என் கையில் இருந்த குழாய் நழுவிவிட்டது. இவள் அலறப் போகிறாள் என்று ஓடினால், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள். அதே போனில் அடுத்து உன் போட்டோ வந்தது. உடனே போனைக் கீழே வைத்துவிட்டுக் கை இரண்டையும் ஒளித்துக்கொண்டாள்.

நான் படிக்காதவள் இல்லை, ஆனாலும் இது புரிய எனக்கு ஒரு முழு வேனைக் கழுவி முடிக்க வேண்டியிருந்தது. அவளுக்கு உன் குரல்மேல் பயமே இல்லை. ஆஸ்பத்திரியில் உன் குரலை அவள் கேட்கவே இல்லையே. அங்கே இருந்தது உன் முகம் மட்டும்தான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அத்தை வரட்டுமா?" என்று கேட்டேன். தட்டில் இருந்ததை எல்லாம் தின்றுவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"வரட்டும். ஆனா வாயை மூடிக்கிட்டு வரட்டும்."

இத்தனை வருடமாக நான் சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டிருந்ததை என் பெண் ஒரே நொடியில் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்க் போட்டுக்கொண்டு வா. வீட்டுக்குள் வேண்டாம், கதவு என்றால் அவளுக்கு இன்னும் ஆகவில்லை. வேனில் உட்கார வைக்கிறேன், பக்கக் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். நீ பேசு, பேசிக்கொண்டே இரு. உனக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. நான் மறக்காமல் அவளுக்குக் காது மெஷினைப் போட்டுவிடுவேன்.

அண்ணி


செப்டம்பர் 13

அண்ணிக்கு,

நீங்கள் நேற்று, "சாவியை உள்ளயே வெச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனீர்கள். சாவி உங்கள் கையில்தான் இருந்தது. நான் சர்வேயர், அண்ணி. சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருப்பீர்கள், ஆனால் பேச்சு கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் வெளியே வந்தபோது நான் வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

அவள் கடைசி சீட்டில் லாரியோடு உட்கார்ந்திருந்தாள். நான் படியில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். "வண்டி, ஒரு ஸ்கூல் வேன். முன் பம்பர் காலி. பக்கக் கதவு திறந்து கிடக்கு. டிரைவர் எங்கே?"

உங்கள் தெருவில் யாரோ வாளியைக் கவிழ்க்கிற சத்தம் மட்டும். மறுபடி கேட்டேன், "டிரைவர் எங்கே?"

"டிரைவர் டீ குடிக்கப் போயிட்டாங்க."

"வண்டியை இப்படி நடுரோட்டுல விட்டுட்டா?"

"சாவியைத் தேடுற மாதிரி போயிருக்காங்க."

அவளும் பார்த்திருக்கிறாள், அண்ணி. நம் வீட்டில் இனிமேல் யாரும் பொய் சொல்லிப் பிழைக்க முடியாது.

பிறகு ஒவ்வொரு சீட்டாக முன்னால் வந்தாள். சீட் நகர்கிற சத்தம் கேட்டது, நான் திரும்பவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு கேட்டாள், "அத்தை, நீ ஏன் என்னைக் கட்டுனே?"

சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. "கட்டலாமான்னு கேட்டாங்க, நான் சரின்னேன். நீ மூச்சுக் குழாயைப் பிடுங்கப் பாத்தே. உங்கிட்டச் சொல்லித்தான் கட்டினாங்க, உனக்குக் கேக்கலை."

"மெஷின் டப்பாவுல இருந்துச்சு."

"ஆமா."

"ஏன் போட்டு விடல?"

"மறந்துட்டோம்."

"யாரு?"

"நானும் அம்மாவும்."

"ரெண்டு பெரியவங்களுமா?" அவள் அதைக் கேட்ட விதத்தை என்னால் எழுத முடியாது. நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவனைக் கேட்பீர்களே, அந்தக் குரல். ரெண்டு பேரும்தான் என்று ஒப்புக்கொண்டேன். எறும்பு மட்டும் நான் விடவில்லை என்றேன். "அது எனக்கே தெரியும். எறும்பு தானா வரும்" என்றாள்.

என் தோளுக்கு மேலாக லாரியை நீட்டி மடியில் வைத்தாள். ஒரு கைதான் வந்தது, ஆனால் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அதற்கப்புறம் படியில் இறங்கி எனக்கு நேராக நின்றாள். ஊசி போட்ட இடமெல்லாம் மறைந்துவிட்டது, முழங்கை மடிப்பில் மட்டும் ஒரு புள்ளி இருக்கிறது. இரண்டு விரலால் என் மாஸ்க்கின் மேல் ஓரத்தைப் பிடித்தாள். மெதுவாக இறக்கினாள். மூக்கு வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டாள்.

"இன்னிக்கு மூக்கு வரைக்கும் போதும், அத்தை."

சரி என்றேன். அவளே மாஸ்க்கை மேலே ஏற்றி, மூக்கின் மேல் இரண்டு தட்டுத் தட்டிச் சரி செய்தாள். "வாயை அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்றாள். அப்போதுதான் நீங்கள் சாவி கிடைத்துவிட்டது என்று வெளியே வந்தீர்கள்.

அடுத்த ஞாயிறு எங்கேயும் போக முடியாது என்று ஆபீசில் சொல்லிவிட்டேன். மாஸ்க்கைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்